ஏஇடி கருவி அதே கட்டடத்தில் இருந்தும் எட்டு நிமிடம் ஏன் போனது?

நாங்கள் விளையாடும் உள்ளரங்கத்தில் ஏஇடி கருவி இருந்தது. திடீரென்று இதயம் நின்றவருக்கு நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்து மறுபடி சீராகத் துடிக்க வைக்க உதவும் பெட்டி அது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தது, நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் காலாவதி ஆகவில்லை, கொண்டுவந்து வைத்ததும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இருந்தும், அண்ணன் கீழே விழுந்ததற்கும் அவர் நெஞ்சில் முதல் மின்னதிர்ச்சி பாய்ந்ததற்கும் இடையில் ஏறக்குறைய எட்டு நிமிடம் ஓடிவிட்டது. அதில் பெரும்பகுதி ஒரு பூட்டிய கதவாலும், கருவி எங்கே இருக்கிறது என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியாததாலும் போனது. இதையெல்லாம் யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ இரவு நினைத்துவிட்டேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு இது ஒரு நாளும் தேவைப்படாமல் இருக்கட்டும்.

அண்ணன் என்று நான் சொல்வது கூடப் பிறந்தவரை அல்ல. பல வருடமாக என்னோடு இறகுப்பந்து ஆடுகிறவர், வயதில் மூத்தவர். சர்க்கரை கிடையாது, சிகரெட் கிடையாது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத ஆள். அன்று எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் நாங்கள் இருவரும் ஆடிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தளத்தில் ஒரு கல்லூரிப் பையன் தனியாக சர்வீஸ் பழகிக்கொண்டிருந்தான். ஒரு பாயிண்ட் முடிந்து பந்தை எடுக்கத் திரும்பியவர் அப்படியே விழுந்தார். கால் தடுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றப் பார்ப்பார்கள். இவர் ஊன்றவே இல்லை. முகம் நேராகத் தரையில் மோதியது. அந்தச் சத்தத்திலேயே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டேன். கண் பாதி திறந்திருக்கிறது, ஆனால் பார்வை இல்லை. கையும் காலும் சில விநாடி வெட்டி வெட்டி இழுத்தன. "வலிப்புண்ணா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றான் பையன். அப்புறம் அண்ணன் வாயைத் திறந்து, குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை இழுத்தார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு இழுப்பு. "மூச்சு வருதுண்ணா!" என்று அவன் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அது மூச்சு இல்லை. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில், மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்பும் கடைசித் தூண்டுதலால் வாய் இப்படித் திறந்து திறந்து இழுக்கும். மீன் கரையில் வாயைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான் இருக்கும். நுரையீரலுக்குப் பயனுள்ள காற்று போகாது. வலிப்பு வந்த மாதிரி உடம்பு கொஞ்ச நேரம் இழுப்பதும், மூளைக்கு ரத்தம் நின்றுபோனதால் வருவதுதான். இந்த இரண்டையும் பார்த்து "உயிர் இருக்கிறது, காத்திருப்போம்" என்று சுற்றி நிற்கும்போதுதான் பல இடங்களில் நேரம் போகிறது. நான் அவசர எண்ணுக்கு அழைத்து போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் கேட்டது இரண்டே கேள்விகள்: "தோளைத் தட்டிக் கூப்பிட்டா அசையிறாரா? எப்பவும் விடுற மாதிரி சீரா மூச்சு விடுறாரா?" இரண்டுக்கும் இல்லை என்றேன். "அப்படின்னா இதயம் நின்னுடுச்சுன்னு வெச்சுக்கோங்க. நெஞ்சுல அழுத்த ஆரம்பிங்க, நான் எண்ணுறேன்." மணிக்கட்டில் நாடி பார்க்கச் சொல்லவில்லை. பயிற்சி இல்லாதவர் பதற்றத்தில் நாடி பார்த்தால் தன் விரலின் துடிப்பையே அவருடையது என்று நம்பிவிடலாம் என்று பிற்பாடு ஒரு பயிற்சியாளர் சொன்னார். அந்த இரண்டு கேள்விகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அழுத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவி வரும்வரை இருப்பது இது ஒன்றுதான். ஆளை மெத்தையில் விடாமல் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறு கையைப் பிணைத்து, முழங்கை மடங்காமல் உடல் எடையால் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிறையும். 5 செ.மீ. என்று படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். செய்யும்போது பயங்கரமாக இருக்கிறது. என் கைக்குக் கீழே 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விலா எலும்பு விரிந்ததோ முறிந்ததோ தெரியாது, கையை எடுத்துவிட்டேன். "நிறுத்தாதீங்க, எலும்பு கூடிடும்" என்று போனிலிருந்து அதட்டல் வந்தது. அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு அதட்டலுக்கு ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாதவர்கள் அதற்காகத் தயங்கி நிற்க வேண்டாம். பெரியவர் ஒருவர் திடீரென்று விழுந்தால் அழுத்தம் மட்டும் கொடுத்தாலே பெரிய உதவி. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் கொடுப்பது முக்கியம், அதற்குப் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது.

அழுத்தத் தொடங்கும்போதே பையனைப் பார்த்து, "தம்பி, நீ போய் ஏஇடி எடுத்துட்டு வா" என்று கத்தினேன். "யாராவது போங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் போகமாட்டார்கள் என்று எங்கோ படித்தது கைகொடுத்தது. அவன் ஓடினான். வாசலருகே சுவரில் பச்சை நிறத்தில், இதயமும் நடுவில் மின்னல் குறியும் போட்ட பலகை இருந்தது. உலகம் முழுக்க ஒரே அடையாளமாக இருக்கட்டும் என்று 2008-இல் சர்வதேச அளவில் கொண்டுவந்த குறி அது. பலகைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆணி அடித்த தடம் மட்டும் இருந்ததாம். திருட்டுப் போய்விடும் என்று சொல்லி, சில மாதங்களுக்கு முன்பே கருவியை அலுவலக அறைக்குள் மாற்றியிருக்கிறார்கள். பலகையை மாற்றவில்லை. அறை பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், காவலாளி வெளிக்கேட்டில். பையன் கேட்டுக்கு ஓடி, அவரை அழைத்துவந்து, அவர் சாவிக்கொத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்து, மேசைக்கு அடியில் கோப்புகளுக்குப் பின்னால் இருந்த பெட்டியைக் கண்டுபிடித்து... இவ்வளவும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் வந்த எண்ணிக்கையும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை எரிந்த வலியும், காலியான அரங்கமும்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறார்கள், ஏனென்றால் அதற்கு மேல் நமக்கே தெரியாமல் ஆழம் குறைந்துவிடும். மாற்ற ஆள் இல்லை. அழுதுகொண்டேதான் அழுத்தினேன்.

அந்த ஓட்டத்தில் போன நேரத்தின் விலையைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. பெரும்பாலும் ஆள் நினைவோடு இருப்பார், வலி என்று சொல்வார். திடீர் இதய நிறுத்தம் வேறு. இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் எங்கும் போகாது, சில விநாடியில் நினைவு போய்விடும். மாரடைப்பு இதற்குக் காரணமாகலாம், வேறு காரணங்களும் உண்டு. அந்த நடுக்கத்தை நிறுத்தி, இதயம் தன் சொந்தத் தாளத்தை மீண்டும் பிடிக்க வைக்கக்கூடியது மின்னதிர்ச்சிதான். அது கிடைக்காமல், நெஞ்சில் அழுத்தமும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். அழுத்தம் கொடுத்தால் அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். அமெரிக்கச் சூதாட்ட அரங்குகளில் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. பிறர் கண்முன்னே விழுந்து, 3 நிமிடத்துக்குள் முதல் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்திருக்கிறார்கள். 3 நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். சிகாகோ விமான நிலையத்தில் சிறிது தூரத்துக்கு ஒன்றாக, எல்லோர் கண்ணிலும் படும்படி இந்தக் கருவிகளை வைத்தார்கள். அங்கே காப்பாற்றியவர்களில் பலர் அந்த வழியாகப் போன பயணிகள், சிலருக்குப் பயிற்சியே கிடையாது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் கருவியும் அதே மாதிரிக் கருவிதான். வைத்த இடம்தான் வேறு.

சரி, கருவி வந்தது. கைப்பை அளவு, தூக்க ஒரு கை போதும். 1960-களின் நடுவில் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் ஆம்புலன்சில் ஏற்றிய முதல் டீஃபிப்ரிலேட்டர், அதாவது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, சுமார் 70 கிலோ. அவரும் உடன் உழைத்தவர்களும் தொடங்கியது இன்று ஒரு பையன் கையில் பிடித்து ஓடிவரும் அளவுக்கு வந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அதுவே பேசத் தொடங்கியது. சில மாடல்களில் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டிக்குள் கத்தரிக்கோல், துடைக்கும் துணி, ரேசர் இருந்தன. சட்டையை வெட்டினோம். ஆடிய வியர்வையில் நெஞ்சு ஊறிப்போயிருந்தது, பட்டை பிடிக்காது என்பதால் துடைத்தோம். முடி மிக அடர்த்தியாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் வேகமாக மழிக்கத்தான் ரேசர். ஒரு பட்டை வலது காலர் எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். பட்டையிலேயே படம் போட்டிருக்கிறது. பையன் ஒட்டும்போது நான் அழுத்துவதை நிறுத்தவில்லை. இது முக்கியம், கருவி "யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லும்வரை கை நிற்கக் கூடாது.

பையன் பொத்தானை அழுத்தப் பயந்தான். "நாம தப்பா குடுத்துட்டா?" என்றான். அப்படிக் கொடுக்க முடியாது. கருவி முதலில் இதயத்தின் மின்னலையைப் படிக்கிறது. அதிர்ச்சி உதவும் வகை நடுக்கம் இருந்தால் மட்டும்தான் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும். இல்லாவிட்டால் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. நாம் பார்க்க வேண்டியது, அந்த நேரத்தில் யாரும் அவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்களா என்பதை மட்டும். "தள்ளி நில்லு" என்று உரக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பார்த்து, மினுங்கிய பொத்தானை அழுத்தினேன். அண்ணன் உடம்பு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. அவர் எழுந்து உட்காரவில்லை, கண் திறக்கவில்லை. அந்தக் கணத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் கருவி உடனே "மறுபடி அழுத்துங்கள்" என்றது. அதிர்ச்சி நடுக்கத்தை நிறுத்தினாலும் இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் பலம் உடனே வந்துவிடாது, அதனால் அடுத்த இரண்டு நிமிடம் நாம்தான் தள்ள வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி படித்துப் பார்த்து "அதிர்ச்சி தேவையில்லை" என்றது. அப்படிச் சொன்னால் பிழைத்துவிட்டார் என்றும் பொருளாகலாம், இதயம் முழுக்க ஓய்ந்துவிட்டது என்றும் பொருளாகலாம். ஆள் அசையாமல், சீராக மூச்சு விடாமல் இருந்தால் அழுத்தத்தைத் தொடர வேண்டும். தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் என் கையைத் தள்ளிவிடப் பார்த்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்தபோது அவர் முனகிக்கொண்டிருந்தார். பட்டையைப் பிரிக்கக் கூடாது, கருவியை அணைக்கக் கூடாது. திரும்ப இதயம் நின்றால் உடனே தேவைப்படும்.

எங்களுக்கு வராத சில சிக்கல்களையும் பயிற்சியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விழுந்தவர் பெண்ணாக இருந்தால் சுற்றியிருப்பவர்கள் தொடவே தயங்குகிறார்கள். பொது இடங்களில் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகக் கிடைக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மேலாடையை விலக்கித்தான் ஆக வேண்டும், பட்டை தோலில்தான் ஒட்டும். ஒட்டியபின் ஒரு துணியை மேலே போட்டு மூடலாம், சுற்றி நிற்பவர்களை வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கச் சொல்லலாம். கர்ப்பிணிக்கும் பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும். காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் புடைத்துத் தெரிந்தால் பட்டையை அதன்மேல் வைக்காமல் சற்று நகர்த்தினால் போதும். மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் பிய்த்துவிட்டு அந்த இடத்தைத் துடைக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய இடமாக இருந்தால் முதலில் ஆளை வெளியே இழுத்துவிடுங்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, பெட்டியில் இருந்தால் சிறுவர் பட்டையோ சிறுவர் பொத்தானோ. இல்லாவிட்டால் பெரியவர் பட்டையையே ஒன்று நெஞ்சின் நடுவிலும் இன்னொன்று முதுகிலுமாக ஒட்டலாம். குழந்தை என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

மருத்துவமனையில் கருவியின் பதிவைக் கேட்டு வாங்கினார்கள். எத்தனை மணிக்குத் திறந்தோம், என்ன தாளம் இருந்தது, எப்போது அதிர்ச்சி கொடுத்தோம் என்று எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. அவசர எண்ணுக்கு நான் அழைத்த நேரத்தோடு அதைப் பொருத்திப் பார்த்தபோதுதான் அந்த எட்டு நிமிடம் என் கண்ணுக்குத் தெரிந்தது. கருவி வந்ததும் அதிர்ச்சி கொடுக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. மற்றதெல்லாம் கதவும் சாவியும். அண்ணன் வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தார். மறுபடி தாளம் கெட்டால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவியை நெஞ்சில் வைத்தார்கள். 2021 யூரோ ஆட்டத்தில் கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு வைத்த அதே வகை. அவர் அடுத்த வருடமே திரும்ப விளையாட வந்தார் என்று சொல்லித்தான் அண்ணிக்குத் தைரியம் கொடுத்தேன். ஆனால் எரிக்சனுக்கு மைதானத்திலேயே உடனடியாக எல்லாம் கிடைத்தது. அண்ணனுக்கு அந்த மாதத்தில் பெரும்பகுதி நினைவிலிருந்து போய்விட்டது. சொன்னதையே திரும்பச் சொல்வார், சொல் தேடித் தவிப்பார். வேலைக்குத் திரும்பப் பல மாதம் ஆயிற்று, அந்த மாதங்களின் சம்பளமும் சேமிப்பும் போயின. பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் இதில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கேள்வி ஓயவில்லை.

காப்பாற்றியவரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் போனதும் எல்லோரும் அதன் பின்னால் போய்விட்டார்கள். நானும் வெட்டிய சட்டைத் துணியும் அரங்கத்தில் இருந்தோம். பல வாரம் தூக்கம் இல்லை. அந்த 'கடக்' சத்தம் தூக்கத்தில் கேட்கும். பையன் என்னைவிடச் சிறியவன், அவன் விளையாட வருவதையே நிறுத்திவிட்டான். நான் ஓர் ஆலோசகரிடம் போய்ப் பேசினேன், பிறகு அவனையும் கூட்டிப்போனேன். ஆள் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் இது உடம்பிலும் மனதிலும் தங்குகிறது. உங்களுக்கு நடந்தால் முதல் வாரத்திலேயே யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள்.

அரங்க நிர்வாகத்தோடு வாதாடிக் கருவியை வாசல் சுவருக்கே திரும்பக் கொண்டுவந்தோம், பூட்டில்லாத பெட்டியில். திறந்தால் அலாரம் அடிக்கும், திருட்டுக்கு அது போதும். நீங்கள் வேலை செய்யும், ஆடும், படிக்கும் இடத்தில் அடுத்த தடவை போகும்போது போய்ப் பாருங்கள். பலகை காட்டும் இடத்தில் பெட்டி இருக்கிறதா, கையால் திறக்க வருகிறதா, கருவியின் நிலை விளக்கு பச்சையாக இருக்கிறதா, பட்டை உறையில் போட்டிருக்கும் தேதி தாண்டவில்லையா. பட்டையில் இருக்கும் பசை வெறுமனே வைத்திருந்தாலே காய்ந்துவிடும், பேட்டரியும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான். யார் மாதாமாதம் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். "எல்லோரும் பார்க்கிறோம்" என்று பதில் வந்தால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள், ஒருவர் பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: பட்டை ஒரு தடவைக்கு மட்டும்தான். எங்கள் கருவி மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது, புதுப் பட்டை வாங்காமல் அப்படியே பெட்டியில் வைத்து மூடப் பார்த்தார்கள். மாற்றுப் பட்டை ஒரு ஜோடி எப்போதும் கூடவே இருக்கட்டும். கருவி வெளியே போயிருக்கும் நாட்களில், அடுத்த ஏஇடி எந்தக் கட்டடத்தில் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அந்தக் காலிப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.